மீன் செத்தால் எந்த ஆபீஸ்?

மலேசியாவில், எங்கள் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் நாய் கடித்தால் கிளினிக், மாடு தீனி எடுக்காமல் படுத்துவிட்டால் கால்நடை ஆபீஸ், வீட்டுக்குள் மலைப்பாம்பு புகுந்தால் போம்பா என்கிற தீயணைப்புப் படை. இதெல்லாம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். குட்டையில் வளர்க்கிற மீன் விடிந்ததும் வயிறு மேலாக மிதந்தால் எந்த ஆபீஸுக்குப் போவது என்று ஒட்டுக்கடையில் கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு பதில் வரும். மீன்வள இலாகா என்பார் ஒருவர். விவசாய இலாகா என்பார் இன்னொருவர். மூன்றாவது ஆள் கையிலிருக்கும் டம்ளரைக் கீழே வைக்காமலே, "எதுக்குச் சொல்லணும்? சுண்ணாம்பு போட்டுப் பொதச்சிட்டு வேலையப் பாரு" என்பார்.

நான் எழுத வந்தது அந்த மூன்றாவது ஆளைப் பற்றி. அவர் சொல்வது தப்பு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் மீன் நோய்க்கென்று பல நாடுகளில் எழுதி வைத்திருக்கும் சட்டங்களைப் படிக்கப் படிக்க, அவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்பதுதான் முக்கியமாகப் படுகிறது.

எங்கள் பக்கம் மீன் வளர்ப்பு பரம்பரைத் தொழில் கிடையாது. தோட்டத்தில் மீன் என்றால் கருவாடு, டின் சார்டின், ஞாயிற்றுக்கிழமை தூண்டிலில் மாட்டுகிற கெலி, விரால், அவ்வளவுதான். (விராலை இங்கே ஹாருவான் என்போம். பிள்ளை பெற்றவளுக்கும் ஆபரேஷன் முடிந்து வந்தவருக்கும் இன்றைக்கும் அதன் சூப்புதான்.) 1985இல் உலகச் சந்தையில் வெள்ளீய விலை விழுந்தபோது கிந்தாப் பள்ளத்தாக்கில் சுரங்கங்கள் வரிசையாக மூடின. மிஞ்சிய குட்டைகளில் தலாப்பியா, கெலி, பாத்தின் என்று விட்டு வளர்த்தார்கள். தோட்டம் துண்டாடப்பட்டு லயத்தைக் காலி செய்த குடும்பங்கள் சில, கிடைத்த நிலத்தில் மாடு கட்டின, ஆடு வளர்த்தன, அப்புறம் குட்டை வெட்டின. தலாப்பியாவும் இந்த மண்ணின் மீன் இல்லை. ஆப்பிரிக்காவில் பிறந்த இனம், ஜாவாவுக்குப் போய், ஜப்பான்காரன் காலத்தில் இங்கே வந்து சேர்ந்தது.

என் மாமா, அம்மாவின் தம்பி, தோட்டத்தில் லோரி ஓட்டியவர். இப்போது பெலுஸ் ஆற்றை ஒட்டிக் குட்டை வைத்திருக்கிறார். சிவப்புத் தலாப்பியா. கணக்கும் கடிதமும் பார்ப்பது நான், அதனால்தான் இந்தச் சட்டங்களும் என் தலையில் விழுந்தன.

குஞ்சு வருவது பிளாஸ்டிக் பையில். அடியில் கொஞ்சம் தண்ணீர், மேலே முழுக்க ஆக்சிஜன், வாயில் ரப்பர் பேண்டை இறுக்கிச் சுற்றியிருப்பார்கள். பையை அவிழ்க்காமல் குட்டையில் சற்று நேரம் மிதக்கவிட வேண்டும். பைத் தண்ணீரும் குட்டைத் தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வராமல் அவிழ்த்தால் குஞ்சு அதிர்ந்துபோய்விடும். சூடு சரியானதும் எல்லாரும் செய்வது, பையைத் தலைகீழாகக் கவிழ்ப்பது. குஞ்சும் விழும், அது பிறந்த ஊர்த் தண்ணீரும் விழும். மீன் நோய்ச் சட்டம் எந்த நாட்டில் எழுதப்பட்டதாக இருந்தாலும், கடைசியில் அது எட்ட வேண்டிய இடம் பையைக் கவிழ்க்கிற அந்தக் கைதான்.

ஒரு வெயில் காலத்தில் மாமாவின் குட்டையில் மீன் தீனிக்கு வரவில்லை. பெல்லட்டை வீசினால் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு மேலே வருகிற கூட்டம், அன்று அடியிலேயே கிடந்தது. பெல்லட் ஊறிப்போய்க் கரையோரம் ஒதுங்கியது. மறுநாள் ஒன்றிரண்டு மீன்கள் கூட்டத்தை விட்டுப் பிரிந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து, சுற்றிச் சுற்றி வந்தன. கைவலையால் அள்ளிப் பார்த்தால் கண் பிதுங்கியிருந்தது, செதில் உதிர்ந்த இடத்தில் தோல் அரித்துச் சிவந்திருந்தது. அதற்கப்புறம் தினமும் காலையில் சாவு. நாங்கள் அள்ளுவதற்குள் கொக்கும் உடும்பும் அள்ளின. உடும்பு ஒன்று ஒரு மீனைக் கவ்விக்கொண்டு வரப்பைத் தாண்டிப் பக்கத்துக் குட்டைப் பக்கம் போனதை நானே பார்த்தேன்.

ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். கல் உப்பு, கெதாப்பாங் இலை, கோழிக்கு வாங்கி வைத்த மருந்து. பக்கத்துக் குட்டைக்காரர் வைத்தியத்துக்கெல்லாம் காத்திருக்கவில்லை. சந்தேகம் தட்டிய அன்றே மீன் வாங்குகிற முதலாளியான தவுக்கேவுக்குப் போன் போட்டு, நீந்துகிறதை எல்லாம் இரவோடு இரவாக ஏற்றி அனுப்பிவிட்டார். அந்த லோரித் தொட்டித் தண்ணீரை எங்கே கொட்டினார்கள், அந்த வலை மறுநாள் எந்தக் குட்டையில் இறங்கியது, யாருக்கும் தெரியாது.

கண் பிதுங்குவதை வைத்து இன்ன நோய் என்று சொல்லிவிட முடியாது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவிலும் அப்படி ஆகும், வைரஸிலும் ஆகும், இரண்டும் சேர்ந்தே தாக்குவதும் உண்டு. தலாப்பியா ஏரி வைரஸ் என்று ஒன்று இருக்கிறது. இஸ்ரேலில் கலிலேயா ஏரியிலும் வளர்ப்புக் குட்டைகளிலும் 2009 முதல் தலாப்பியா கூட்டமாகச் செத்தது, 2014இல்தான் காரணம் இந்த வைரஸ் என்று கண்டுபிடித்தார்கள். 2017இல் தாய்லாந்திலும் மலேசியாவிலும் அது இருப்பது தெரியவந்தது. மலேசியாவில் ஆராய்ச்சியாளர்கள் பதிவு செய்த ஒரு சிவப்புத் தலாப்பியா பண்ணையில் வைரஸோடு ஏரோமோனாஸ் பாக்டீரியாவும் சேர்ந்து கிடந்தது. தாய்லாந்துக்காரர்களுக்கு நோய் முன்பே பழக்கம்தான். குஞ்சை விட்ட முதல் மாதத்திலேயே செத்துப்போவதால் அதை 'ஒரு மாதச் சாவு' என்று அழைத்தார்கள். பின்னால் பழைய மாதிரிகளை எடுத்துச் சோதித்தபோது, 2012இலேயே குஞ்சு பொரிக்கும் பண்ணைகளில் வைரஸ் இருந்திருக்கிறது. அதற்குள் தாய்லாந்திலிருந்தும் நோய் கண்ட மற்ற நாடுகளிலிருந்தும் 40க்கும் மேற்பட்ட நாடுகளுக்கு உயிர் மீன் போய்ச் சேர்ந்திருந்தது. எல்லாம் பிளாஸ்டிக் பையில்தான். இந்த வைரஸ் மனிதனைத் தொற்றுவதாக எந்த ஆதாரமும் இல்லை. பாசாரில் இதை எத்தனை தடவை சொன்னாலும் ஆட்கள் மீனைத் திருப்பிப் போட்டுப் பார்த்துவிட்டுக் கோழிக் கடைக்குப் போய்விடுவார்கள் என்பது வேறு விஷயம்.

2022இல் உலக விலங்கு நல அமைப்பு இந்த நோயைத் தன் பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் இருக்கிற நோய் தலை காட்டினால் உறுப்பு நாடு அதை அந்த அமைப்புக்குத் தெரிவித்தாக வேண்டும். நீர்வாழ் உயிர்களுக்கென்று தனியாக ஒரு விதித்தொகுப்பை அது 1995 முதல் வெளியிட்டு வருகிறது. அந்த அமைப்பு பிறந்த கதையும் நடமாட்டத்தின் கதைதான். 1920இல் இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குப் போன மாடுகள் வழியில் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் இறக்கப்பட்டன. கூடவே மாட்டுக் கொள்ளைநோயும் இறங்கியது. பயந்துபோன நாடுகள் கூடிப் பேசி 1924இல் இதைத் தொடங்கின. அந்தக் காலத்தில் மாட்டுக்கு மட்டும்தானா தடுப்பு? கப்பலில் வந்த எங்கள் பாட்டன்மாரையும் பினாங்குக்கு எதிரே ஜெரஜாக் தீவில் அடைத்து வைத்துப் பார்த்த பிறகுதான் தோட்டத்துக்கு அனுப்பினார்கள்.

சரி, நம் சட்டம் என்ன சொல்கிறது? 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம், சட்டம் 317. அதில் 40ஆம் பிரிவு உயிர் மீனைப் பற்றியது. பெர்மிட் இல்லாமல் உயிர் மீனை நாட்டுக்குள் கொண்டுவருவதும் வெளியே அனுப்புவதும் குற்றம். தீபகற்பத்துக்கும் சபா, சரவாக்குக்கும் இடையே கொண்டுபோவதற்கும் பெர்மிட் வேண்டும். தொற்று நோய் பரவாமல் தடுக்க என்ன செய்ய வேண்டும், வெளிநாட்டு இனம் ஆற்றில் கலந்துவிடாமல் எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தலைமை இயக்குநர் அந்தப் பெர்மிட்டில் நிபந்தனை போடலாம். 2011இல் இன்னொரு சட்டம், சட்டம் 728, வந்தது. துறைமுகம், விமான நிலையம், எல்லைச் சாவடி எல்லாவற்றிலும் சோதனையை மாக்கிஸ் என்கிற ஒரே அமைப்பின் கையில் கொடுத்தது. வாசலில் காவல் இருக்கிறது என்று வையுங்கள்.

வாசலைத் தாண்டி உள்ளே வந்தால் கதை வேறு. பெர்மிட் வாங்கி வந்த மீனின் பேரப்பிள்ளைகள் ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட்டுக்கு லோரியில் வருவதை 40ஆம் பிரிவு எட்டிப் பார்ப்பதில்லை. அரசமைப்புச் சட்டத்திலேயே மீன் இரண்டு வீட்டுப் பிள்ளை. கடல் மீன்பிடி கூட்டரசுப் பட்டியலில், ஆற்று மீன்பிடியும் ஆமையும் மாநிலப் பட்டியலில். உள்நாட்டு நீர்நிலைகளுக்கு விதி போட வேண்டுமென்றால் மாநிலத்தின் கையும் சேர வேண்டும். குட்டை இருக்கும் நிலமோ முழுக்க முழுக்க மாநிலத்தின் விஷயம். ஆமைக்கு அரசமைப்புச் சட்டத்தில் தனி இடம் கிடைத்திருப்பதைப் பார்த்து மாமா ரொம்ப நேரம் சிரித்தார்.

பண்ணைக்குள் நோய் வராமல் பார்த்துக்கொள்வதற்கு மைகேப் சான்றிதழ் உண்டு. குஞ்சு எங்கிருந்து வந்தது, என்ன தீனி, என்ன மருந்து, எத்தனை செத்தது, எல்லாவற்றையும் புத்தகத்தில் எழுதி வைக்க வேண்டும். நல்ல ஏற்பாடு, நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் விரும்பினால் எடுத்துக்கொள்ளலாம் என்கிற சான்றிதழ் அது. ஏற்றுமதி செய்கிறவர், சூப்பர் மார்க்கெட்டுக்குப் போடுகிறவர் எடுப்பார். தவுக்கேவின் லோரிக்கு ஏற்றுகிறவரிடம் அதை யாரும் கேட்பதில்லை.

நடமாட்டம் என்றால் என்ன செய்யும் என்பதை இந்த வட்டாரம் ஏற்கெனவே ஒரு தடவை பார்த்திருக்கிறது. 1998 கடைசியில் ஈப்போவைச் சுற்றிப் பன்றிப் பண்ணைக்காரர்களுக்குக் காய்ச்சல் வந்தது. கொசுவால் வருகிற மூளைக் காய்ச்சல் என்று நினைத்துப் புகை அடித்தார்கள், ஊசி போட்டார்கள். இதற்குள் பண்ணைக்காரர்கள் பன்றிகளை விற்றார்கள். லோரிகள் தெற்கே போயின. நோய் நெகிரி செம்பிலானில் போய் வெடித்தது, சிங்கப்பூர் இறைச்சிக் கூடம் வரை எட்டியது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் புது வைரஸைப் பிரித்தெடுத்த பிறகுதான் அது நிப்பா என்று தெரிந்தது. மலேசியாவில் 265 பேருக்கு நோய், 105 பேர் சாவு, அழிக்கப்பட்ட பன்றிகள் பத்து லட்சத்துக்கும் மேல். மீன் வைரஸை நிப்பாவோடு ஒப்பிடக் கூடாது, அது மனிதனைக் கொன்றது, இது கொல்லாது. லோரியின் வேலை மட்டும் இரண்டிலும் ஒன்றுதான். விலை விழுவதற்குள் விற்றுவிடலாம் என்று ஒருவர் நினைக்கிற அந்த ஓர் இரவில் நோய் ஊர் மாறிவிடுகிறது.

லோரியைக் கட்டினால் பலன் உண்டா? நார்வே சால்மன் பண்ணைகளில் நடந்ததைப் பார்த்தால் நிச்சயம் உண்டு. சால்மனுக்கு ரத்தசோகை உண்டாக்குகிற ஒரு வைரஸ் அங்கே 1984இல் தலை காட்டி, 1990 வாக்கில் உச்சத்துக்குப் போனது. தடுப்பூசியை நம்பி உட்காரவில்லை. ஒரு வயது மீனை இன்னொரு வயது மீனோடு ஒரே இடத்தில் வளர்க்காதே, ஒரு தொகுதியை மொத்தமாக எடுத்த பிறகு இடத்தைக் காலியாக விடு, மீன் ஏற்றுகிற படகைக் கழுவு, வெட்டுகிற இடத்துக் கழிவு நீரைச் சுத்தம் செய்யாமல் கடலில் விடாதே என்று விதி போட்டார்கள். சில வருஷங்களில் நோய் விரல் விட்டு எண்ணுகிற அளவுக்கு இறங்கியது. மாமாவுக்கு இதில் புதுசாக ஒன்றும் இல்லை. குட்டையை வற்ற வைத்து, சேறு வெடிக்கும் வரை காயவிட்டு, சுண்ணாம்பு போட வேண்டும் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். தவணை கட்ட வேண்டிய மாதத்தில் குட்டையைக் காயவிட யாருக்கு மனசு வரும் என்பதுதான் பாக்கி.

இப்போது, எதுக்குச் சொல்லணும் என்று கேட்ட அந்த மூன்றாவது ஆளிடம் வருகிறேன். ஸ்காட்லாந்தில் கிகா என்று ஒரு தீவு. 1994இல் அங்கே டர்பட் என்கிற தட்டை மீன் பண்ணையில் ஒரு வைரஸ் நோய் கண்டது. ஐரோப்பியச் சட்டப்படி மீனையெல்லாம் அழிக்கச் சொன்னார்கள். நாலு வருஷம் கழித்து, நார்வேயில் வந்த அதே சால்மன் நோய் ஸ்காட்லாந்துக்கும் வந்து, வேறொரு கம்பெனியின் மீனும் அழிக்கப்பட்டது. இரண்டு கம்பெனிகளும் நஷ்டஈடு கேட்டன. வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. 2003 ஜூலையில் தீர்ப்பு. நஷ்டஈடு இல்லாமல் அழிக்கச் சொல்வது சொத்துரிமையை மீறுவது ஆகாது, நோய் என்பது இந்தத் தொழிலோடு சேர்ந்து வருகிற ஆபத்து, அந்தந்த நாட்டு அரசு கொடுக்க விரும்பினால் கொடுக்கலாம், கொடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. அவை பெரிய கம்பெனிகள். வக்கீல் வைக்க முடிந்தது, தோற்கவும் முடிந்தது.

சட்ட நியாயம் அதில் இருக்கலாம். எங்கள் ஊர்க் காப்பிக்கடை நியாயத்தில் அது தேறாது. நோயைச் சொன்னால் மீன் முழுவதும் போகும், கையில் ஒரு வெள்ளி வராது. சொல்லாமல் இன்றிரவே ஏற்றினால் பாதி விலையாவது வரும். இப்படி ஒரு கணக்கை ஆள் முன்னால் வைத்துவிட்டு, சொல்லாதது குற்றம் என்று தண்டத்தை எவ்வளவு ஏற்றினாலும், தண்டம் கட்டுவது பிடிபட்டவன் மட்டும்தான். ஓட்டை போலீஸ்காரன் கண்ணில் இல்லை, இந்தக் கணக்கில் இருக்கிறது. முழு விலை வேண்டாம். குஞ்சு வாங்கிய காசையும் தீனிக் காசில் ஒரு பகுதியையும், முதலில் வந்து சொன்னவனுக்கு மட்டும், சொன்ன அன்றே கொடுக்கலாம். நோய் பத்துப் பண்ணைக்குப் பரவிய பிறகு ஆகிற செலவைவிட அது குறைவாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம்.

இதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு, அது எந்த மீன் சட்டத்திலும் எழுதப்படவில்லை. நிலம். சுரங்கக் குட்டை, ஆற்றோரம், தோட்டத்து ஓரம் என்று மீன் வளர்க்கிற பலரிடம் கெரான், அதாவது நிலப் பட்டா, கிடையாது. சிலரிடம் வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டிய தற்காலிக லைசென்ஸ் இருக்கும், சிலரிடம் அதுவும் இருக்காது, பல வருஷம் முன்பு கொடுத்த மனுவின் நகல் மட்டும் பிளாஸ்டிக் உறையில் இருக்கும். மீன் செத்ததைப் பார்க்க வருகிற அதிகாரி நல்லவராகவே இருக்கலாம். அவர் எழுதுகிற பாரத்தில் நில எண் என்று ஒரு கட்டம் இருக்கிறதே. தோட்ட வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். கடிதத் தலைப்பு எந்த இலாகாவுடையது என்று பார்த்துப் பயப்பட மாட்டோம், கடிதம் என்றாலே பயம். மாமா ஒரு தடவை பண்ணையைப் பதிவு செய்ய ஓர் அலுவலகத்துக்குப் போனார். கவுண்டரில் இருந்தவர் மீனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, நிலக் காகிதத்தைக் கேட்டார், மாமா எழுந்து வந்துவிட்டார். நோய்ப் பதிவையும் நிலப் பதிவையும் வேறு வேறு மேசையில் வைக்க வேண்டும். நோயைச் சொல்ல வந்தவனிடம் அன்றைக்கு நிலத்தைப் பற்றிக் கேட்கக் கூடாது என்று விதியிலேயே எழுதிவிட வேண்டும். அவ்வளவு செய்தால் பாதிப் பேர் வாய் திறப்பார்கள்.

யாராவது சொல்ல முடிவெடுத்தால், அதற்கு வழி இருக்கிறது. மாவட்ட மீன்வள ஆபீஸுக்குப் போன் செய்யலாம். பினாங்கு பத்து மாவுங்கில் தேசிய மீன் சுகாதார ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, மாதிரிகளைச் சோதிக்கிற இடம். செத்து ஊதிய மீனைத் தூக்கிக்கொண்டு போய்ப் பயனில்லை, அது அழுக ஆரம்பித்துவிட்டால் எந்தக் கிருமி கொன்றது, எந்தக் கிருமி பின்னால் வந்தது என்று பிரிக்க முடியாது. இன்னும் செவுள் அசைகிற, தடுமாறி நீந்துகிற மீன் வேண்டும். எப்படிக் கொண்டுவர வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. அப்புறம், பச்சை மருந்து என்று அலங்கார மீன் கடையில் விற்கிற மாலகைட் கிரீனை நாம் தின்கிற மீனுக்குப் போடவே கூடாது. பூஞ்சையைக் கொல்லும், உண்மைதான். மீனின் தசையில் தங்கும், உடம்புக்குக் கெடுதல் என்பதால் உணவு மீனில் அதற்குத் தடை. குளோராம்ஃபெனிகாலுக்கும் அதே தடை.

மாமா இப்போது பையைக் கவிழ்ப்பதில்லை. குஞ்சை வலையில் வடித்து, பைத் தண்ணீரைக் குட்டைக்கும் ஆற்றுக்கும் தூரமாக மண்ணில் ஊற்றுகிறார். புதுக் குஞ்சு முதலில் கேன்வாஸ் தொட்டியில் இரண்டு மூன்று வாரம் இருக்கும், அதற்கென்று தனிக் கைவலை, சிவப்புக் கயிறு கட்டியது. தவுக்கேவின் ஆட்கள் தங்கள் வலையைக் குட்டையில் இறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அதற்காகக் கிலோவுக்கு விலையைக் கொஞ்சம் குறைத்துக் கேட்கிறார்கள், மாமாவும் ஒத்துக்கொண்டிருக்கிறார். அடுத்த தடவை மீன் செத்தால் போன் செய்வீர்களா என்று கேட்டேன். "மொதல்ல நெலத்துக்கு ஒரு வழி பண்ணு, அப்புறம் பேசுவோம்" என்றார். நில அலுவலகத்துக்கு எழுத வேண்டிய கடிதத்தை இந்த வாரம் தொடங்கியிருக்கிறேன்.